வடிவு அனுப்பிய கேள்விகள்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். போலீஸில் இருந்த காலத்தில் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் பெஞ்சு போட்டுத் தூங்கியிருக்கிறேன், ரயிலில் அடிபட்டவர்களைச் சாக்கில் அள்ளியிருக்கிறேன், ஒரு நாள்கூட ஒன்றும் என் பக்கத்தில் வந்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் சங்கரன்கோவிலில் ஓர் உரக்கடைக்குள் உட்கார்ந்து பட்டப்பகலில் இந்தக் காதால் கேட்டதைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

காலில் அடிபட்டு போலீஸ் வேலையை விட்ட பிறகு பம்பாயில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெரிய பெரிய நீர் இறைக்கும் பம்புகள் செய்து வெளிநாடுகளுக்கு விற்கிற கம்பெனி. எண்பதுகளின் தொடக்கம் அது. அவர்கள் பம்பு விற்ற நாடுகளில் பாதியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. வியாபாரம் பேசவும் பம்பு பொருத்தவும் அங்கே போகிற மானேஜர்களும் எஞ்சினியர்களும் உயிரோடு திரும்பி வர வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. தினமும் ஒரே வழியில் போகாதே, ஓட்டலில் ரோட்டைப் பார்த்த அறையை வாங்காதே, நாளை எங்கே போகிறாய் என்று இன்றைக்கே யாரிடமும் சொல்லாதே என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து அனுப்புவேன். சில பேருக்குத் துணையாக நானே கூடப் போயிருக்கிறேன். இப்போது இதற்கென்றே தனிக் கம்பெனிகள் வந்துவிட்டன என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கம்பெனியில் இதற்கு இருந்தது நான் ஒருவன்தான்.

கோமதிநாயகம் சங்கரன்கோவில்காரர். முப்பது வயதுகூட ஆகாத எஞ்சினியர். கல்யாணமான கையோடு வெளிநாட்டு வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், நீங்க சொல்லுததப் பாத்தா இப்படியே ஊருக்குத் திரும்பிரலாம் போலிருக்கே” என்று சிரித்தார். நானும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் என்னிடம் மட்டும் அப்படிப் பேசுவார். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போனார், அதன் பெயர் இப்போது வேண்டாம். போன சில மாதங்களில், பம்பு பொருத்துகிற இடத்திலிருந்து டவுனுக்குத் திரும்பும்போது துப்பாக்கிக்காரக் கும்பல் ஒன்று ஜீப்பை மறித்து, அவரையும் அந்த ஊர் டிரைவரையும் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டது.

அவர்கள் கேட்டது ஜெயிலில் இருக்கிற தங்கள் ஆட்களின் விடுதலை. அந்த அரசாங்கத்திடம் எங்கள் கம்பெனி பேசி வாங்கித் தர வேண்டுமாம். நடுவில் நின்று பேசியவர் அங்கே மிஷன் ஆஸ்பத்திரி நடத்திய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவரிடம் ரேடியோ செட் இருந்தது. குறிப்பிட்ட நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து கும்பலின் ஆள் ரேடியோவில் வருவான், பாதிரியார் அவன் சொல்வதை எழுதி அந்த நாட்டில் இருந்த எங்கள் ஆபீசுக்குக் கொடுப்பார், அங்கிருந்து பம்பாய்க்கு டெலக்ஸில், தந்தி மாதிரி அச்சாகி வரும்.

இந்த மாதிரி விவகாரத்தில் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஆள் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியாக ஒன்றைக் கேட்டு அனுப்புவோம், சரியான பதில் வந்தால் ஆள் இருக்கிறார், மேற்கொண்டு பேசலாம். இப்போதெல்லாம் புறப்படும் முன்பே அந்தக் கேள்வியை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம். அன்றைக்கு அந்த வழக்கம் இல்லாததால் வீட்டாரிடம் கேட்டு வாங்க என்னைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள்.

கோமதிநாயகத்தின் அண்ணன் ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் உரக்கடை வைத்திருந்தார். குடும்பத்தில் போன் இருந்தது அந்தக் கடையில் மட்டும்தான். பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பம்பாயிலிருந்து டிரங்க் கால் வருமா என்று அந்தக் கறுப்பு போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைக்குப் பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. தெருவில் ஓயாமல் தறிச் சத்தம்.

முதல் நாள் ஆவுடையப்பன் தம்பி மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வடிவு என்று பெயர். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும், நெற்றியில் கோயில் புற்றுமண் பூசியிருந்தாள். அழுது முடித்த முகம், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

“தாலி கட்டும்போது அவுக எங் காதுல ஒண்ணு சொன்னாவ. அதக் கேளுங்க சார்.”

“என்ன சொன்னாரும்மா? நான் தெரிந்துவைத்திருந்தால்தான் ஒத்துப்பார்க்க முடியும்.”

“ஒம் மாலையில எறும்பு ஓடுதுன்னாவ” என்றாள். ஆவுடையப்பன் அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார்.

கேள்வியைப் பம்பாய்க்குச் சொன்னேன். சில நாள் கழித்து ஒரு முற்பகலில் போன் வந்தது. பம்பாயில் என் மேலதிகாரி ராகவன் பேசினார், டெலக்ஸில் வந்ததை அப்படியே படித்தார். “மாலையில் எறும்பு. அது அவளைக் கழுத்தில் கடித்தது. அவள் சொல்லவில்லை.”

நான் ரிசீவரை வைத்துவிட்டு ஆவுடையப்பனிடம் சொன்னேன். மனிதர் மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு எழுந்து கடையைப் பாதி சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனார். வீட்டுக்குள் பெண்கள் எல்லாரும் சிரிப்பும் அழுகையுமாகச் சத்தம் போட்டார்கள். வடிவு மட்டும் நடுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கை கழுத்தில் இருந்தது. சந்தோஷத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அந்த அரசாங்கம் பிடி கொடுக்கவில்லை. ஆள் இன்னும் இருக்கிறாரா என்று மறுபடியும் உறுதி செய்யச் சொன்னார் ராகவன். ஆவுடையப்பன், தம்பி சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார், அதற்குள் வடிவு கதவுக்குப் பக்கத்தில் வந்து, “அத்தான், நானே கேக்கேன்” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்க வெளியே போனார்.

“எங்க பிள்ளைய நான் என்னன்னு கூப்பிடுவேன்னு கேளுங்க சார்.”

அவர்களுக்குப் பிள்ளை இல்லையே என்று பார்த்தேன்.

“நாலு மாசத்துல கலைஞ்சு போச்சு” என்றாள். “கோலிக்காய்னு கூப்பிடுவேன்.”

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த மாதிரி விஷயத்தில் ஓர் ஆம்பிளை என்ன கேட்க முடியும்?

பதில் வருவதற்குள் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் ஊருக்குள் இறங்கிவிட்டது. கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்தில் போன் மணி அடிப்பது கேட்குமோ கேட்காதோ என்று கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் போன் வந்தது. ராகவன், “ஒரே வார்த்தைதான், ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வந்திருக்கு, எனக்குப் புரியலை” என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். கே, ஓ, எல், ஐ என்று ஆரம்பித்தது. கூட்டிப் படித்தால் கோலிக்காய்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நடுக் கதவைத் தட்டி வடிவைக் கூப்பிட்டு, “சரியாகச் சொல்லிவிட்டாரும்மா” என்றேன்.

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். தரையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னாள், “அவுகளுக்குத் தெரியாது சார்.”

“என்ன தெரியாது?”

“பிள்ள உண்டானதே அவுக போன பொறவுதான் தெரிஞ்சுது. மூணு மாசம் தாண்டட்டும்னு எழுதாம இருந்தேன். கலைஞ்ச பொறவு எதுக்கு எழுதன்னு விட்டுட்டேன். அந்தப் பேரு யாருக்குமே தெரியாது. வயித்துல கைய வச்சுக்கிட்டு மனசுக்குள்ளதான் கூப்பிடுவேன். வாய் தொறந்து கூப்பிட்டதே கிடையாது.”

போலீஸ் புத்தி எனக்கு. முதலில் எங்கே கசிந்தது என்றுதான் தேடினேன். யாராவது அவருக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள், டாக்டரம்மா சொல்லியிருப்பாள், தூக்கத்தில் நீ பேசியிருப்பாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். கடைசியில் புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“எறும்பு கடிச்சதையும் நான் சொல்லல. சபையில எப்படிச் சொல்ல? பொறவு மறந்தே போச்சு. அது எப்படி அவுகளுக்குத் தெரியும்? அவுக இல்லன்னு அன்னைக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. இருந்தாலும் ஒரு ஆசை, நாந்தான் தப்பா நெனைக்கேனோன்னு. அதான் இதக் கேட்டேன். தெரியாதுன்னு பதில் வரணும்னுதான் சார் கேட்டேன்.”

வெளியே கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. அந்த வெக்கையில் எனக்கு முழங்கை வரைக்கும் சில்லிட்டுப் போயிருந்தது. நம்பினால் நம்புங்கள்.

பம்பாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பதில் தப்பு என்றால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பதில் சரி, ஆனால் அது அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்று திருப்பி அழைத்துக்கொள்வார்கள். வடிவு என் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டாள்.

“நிறுத்திராதீங்க சார். இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன்.”

“என்னம்மா கேட்கப் போகிறாய்?”

“என்ன வேணும்னு கேளுங்க. அவுகளுக்கு என்ன வேணும்?”

அது ஆளை உறுதி செய்கிற கேள்வியே இல்லை. ராகவன் கேட்டால் சொல்ல எனக்குக் காரணமும் இல்லை. இருந்தாலும் அனுப்பினேன். அவளுக்கு அதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை.

ஆடித்தபசு முடிந்து தெருவெல்லாம் குப்பையாகக் கிடந்த ஒரு காலையில் பதில் வந்தது. ராகவன் குரலில் உற்சாகம். “அருமையான தகவல் கொடுத்திருக்கார்யா உன் ஆள்” என்றார். டெலக்ஸைப் படித்தார். “இனிமேல் கேள்வி கேட்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.”

அவரை ரேடியோ இருக்கிற இடத்தில் வைத்திருக்கவில்லை, தூரத்தில் ஒரு முகாமில் வைத்து, ஒவ்வொரு முறையும் நடத்திக் கூட்டி வருகிறார்கள் என்று ராகவன் கணக்குப் போட்டார். கேட்கக் கேட்க எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அப்படியே இருக்கட்டுமே என்று ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டேன். வடிவிடம் பதிலைச் சொல்லிவிட்டு ராகவன் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் இரண்டாவதைக் காதிலேயே வாங்கவில்லை.

“எங்கிட்டு இருந்து நடந்து வாராவளோ” என்றாள். “இனி ஒண்ணும் கேக்க வேண்டாம் சார். நம்ம கேக்கப் போயித்தான் அவுகளுக்கு இந்தப் பாடு.”

அன்றைக்கே ராகவனைக் கூப்பிட்டு, இங்கே வீட்டார் ரொம்பச் சோர்ந்துபோயிருக்கிறார்கள், கேள்வி போதும் என்றேன். அவர் சரி என்றார். ஆனால் அரசாங்கம் இறங்கி வருகிற மாதிரித் தெரிந்ததும், கடைசியாக ஒருமுறை உறுதி செய்யாமல் மேலே போக முடியாது என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்காமல் கோமதிநாயகத்தின் பைலைப் பார்த்து அவர்களாகவே ஒரு கேள்வியை அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊர் எது என்று. அதற்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், பத்து நாள் பார்த்தோம், வரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த டிரைவர் தப்பித்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். ராகவன் எனக்குச் சொன்னது இதுதான். ஜீப்பை மறித்தபோதே கோமதிநாயகத்துக்கு மார்பில் குண்டு பட்டுவிட்டது. காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் போட்டார்கள். அன்றைக்குப் பொழுது விழுவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது. குழி தோண்டியது அந்த டிரைவர்தான். மறுநாள் இல்லை, மறுவாரம் இல்லை, அன்றைக்கே. நாங்கள் முதல் கேள்வியை யோசிப்பதற்கு வெகு நாள் முன்னால்.

“அப்ப பதில் சொன்னது யார் சார்?” என்று கேட்டேன்.

“எவனோ புத்திசாலி” என்றார் ராகவன். “ஆள்கிட்ட முன்னாலேயே பேசித் தெரிஞ்சுவச்சிருப்பான்.”

கம்பெனி பைலில் அதைத்தான் எழுதி மூடினார்கள்.

ஆவுடையப்பனிடம் நான்தான் சொன்னேன். அவர் கடைச் சாவிக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார், எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளே போய்ச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சடலம் இல்லாத வீடு. ஒரு போட்டோவை நாற்காலியில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கய்யா போனீரு, எதுக்கய்யா போனீரு, எங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீரு என்று எல்லாமே கேள்விதான்.

மூலையில் கல் மாதிரி இருந்த வடிவு திடீரென்று எழுந்தாள். நேராகப் போய் முன்னால் அழுதுகொண்டிருந்த அம்மாளின் வாயைக் கையால் பொத்தினாள். அடுத்தவள் வாயையும் பொத்தப் போனாள்.

“கேக்காதீங்க. யாரும் அவுகள ஒண்ணும் கேக்காதீங்க. அழணும்னா சும்மா அழுங்க.”

பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவளோ விடுகிற மாதிரி இல்லை, கையெடுத்துக் கும்பிட்டு ஒவ்வொருத்தியிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “வந்துருவாவ, பதில் சொல்ல வந்துருவாவ, கேக்காதீங்க.” நடுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, “சார், நீங்க சொல்லுங்க, ஒங்களுக்குத் தெரியும்லா” என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்வது? துணைக்கு ஆள் போட்டு, வழி மாற்றிப் போகச் சொல்லி, உயிரைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். செத்த மனிதனை எப்படி நிம்மதியாக இருக்கவிடுவது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஏறிவிட்டேன். பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. வடிவை அவளுடைய அப்பா வாசுதேவநல்லூருக்குக் கூட்டிப்போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். யார் எது கேட்டாலும் பதில் சொல்கிறாளாம், அவளாக யாரையும் எதுவும் கேட்பதில்லையாம். கடையில் போய் உப்பு என்ன விலை என்றுகூடக் கேட்க மாட்டாளாம்.

நான் சொல்ல வந்தது இதோடு முடிந்திருந்தால் ராகவன் சொன்னதை நானும் நம்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சில வருஷம் கழித்து அந்தப் பாதிரியார் வைத்தியத்துக்காகப் பம்பாய் வழியாகத் தன் நாட்டுக்குத் திரும்பினார். கம்பெனி சார்பில் ஒரு நன்றி சொல்ல என்னை அனுப்பினார்கள். சர்ச் விருந்தினர் விடுதியில் ஒரு மத்தியானம் சந்தித்தேன். மெலிந்துபோய், போர்வை போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். பேச்சு கோமதிநாயகம் விஷயத்துக்குத்தான் போனது.

“அந்தக் கும்பலின் தலைவனிடமே பிறகு கேட்டேன்” என்றார். “எங்களிடம் பதிலே இல்லை, நாங்கள் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்றான். ஆனால் அந்த நேரத்துக்கு ரேடியோவில் யாரோ வந்து பேசினார்கள். நான் என் கையால் எழுதினேன்.”

“என்ன மாதிரிக் குரல்?”

“முதல் தடவை பேசியவன் வாலிபன். இரண்டாம் தடவை வயதானவன். மூன்றாம் தடவை பல்லெல்லாம் போன கிழவன் பேசுகிற மாதிரி இருந்தது. ஆளை மாற்றி மாற்றிப் பேசவைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.”

நான்காவதாக ஒன்று அனுப்பினார்கள், அதற்குத்தான் பதில் வரவில்லை என்றேன்.

“வந்தது” என்றார் பாதிரியார். “எழுதி அனுப்புகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. யாரோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மலையேறி வந்த நோயாளி மாதிரி. பேச வாயெடுக்கிறது தெரிந்தது, முடியவில்லை. அவசரம் வேண்டாம், நிதானமாகச் சொல் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். செட்டின் பாட்டரி தீர்கிற வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது.” என்னை நிமிர்ந்து பார்த்து, “என்ன கேட்டிருந்தீர்கள்? எனக்கு மறந்துவிட்டது” என்றார்.

“சொந்த ஊர் எது என்று” என்றேன்.

சங்கரன்கோவில். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு மூச்சு போதவில்லை.